பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் படிப்பில் பிடிப்பை உண்டாக்குவது எப்படி? வடசென்னை ஆசிரியர்கள், பெற்றோர், முன்னாள் மாணவர்களிடம் ஒரு கேள்வி

எழுதியவர்: தண்டையார்பேட்டை இயற்பியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைப் பகுதியில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை இயற்பியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். என் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் கொருக்குப்பேட்டை, காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை ஆகிய இடங்களிலிருந்து வருகிறார்கள். துறைமுகத்தில் சுமை இறக்குபவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், மீன் விற்பவர்கள், வீட்டு வேலைக்குச் செல்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இவர்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, தாமே விரும்பி அறிவியல் பிரிவைக் கேட்டு வாங்கிச் சேர்ந்தவர்கள்கூடக் காலாண்டுத் தேர்வு வருவதற்குள் பாடத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். அவர்களிடம் முரட்டுத்தனமோ அவமரியாதையோ இல்லை. வணக்கம் சொல்கிறார்கள், கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். திங்கட்கிழமைகளில் கடைசி இரண்டு பெஞ்சுகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன.

2017-18ஆம் கல்வியாண்டில் கொண்டுவரப்பட்ட பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. "இந்த வருஷ மார்க்கை யார் சார் கேட்கப் போறாங்க?" என்று மாணவர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வுக்கு உட்படுத்தியது அவர்களைக் களைக்கச் செய்தது என்பதால், அதை நீக்கியதை நான் வரவேற்கவே செய்தேன். ஆனால் அச்சம் இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. எங்கள் நிர்வாகம் ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்தது. அவர் பேசியபோது மாணவர்கள் கைதட்டினார்கள், சிலர் கண்கலங்கினார்கள், அடுத்த வாரம் வகுப்பு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

ஒரு வாரத்தில் கரைந்துவிடாத ஊக்கத்தை இப்பிள்ளைகளிடம் எப்படி உண்டாக்குவது? தேர்வு பற்றிய அச்சம் இல்லாமல் மேல்நிலை வகுப்பு மாணவர்களைப் படிக்க வைத்த அனுபவம் உள்ளவர்கள், என்ன செய்தீர்கள் என்பதை விவரமாக எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ராயபுரம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு, நீங்கள் தலைகுனிவு என்று குறிப்பிட்ட இடத்திலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆர்வம் இல்லாத பிள்ளை சன்னலைப் பார்க்கும், பக்கத்துப் பையனிடம் பேசும். தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை, தனக்குப் புரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அஞ்சும் பிள்ளை. வடசென்னைப் பள்ளிகளிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. "மெல்லக் கற்கும் மாணவர்" என்று பட்டியலில் எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் நான் கண்டது அடித்தளத்தில் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருந்ததைத்தான். அறிவுக்குறைவோ விருப்பக்குறைவோ அங்கே இருந்ததில்லை. அந்தப் படியைக் கட்டிக் கொடுக்காமல் மேலே ஏறச் சொல்லும்போது, ஏற விரும்பவில்லை என்று சொல்லிவிடுவதே பதினாறு வயதுக்காரனுக்கு மானத்தைக் காக்கும் வழியாக இருக்கிறது.

இந்த ஆண்டு உங்கள் முன் அமர்ந்திருப்பவர்களுக்கு அந்தப் படி எங்கே விட்டுப்போனது என்பதை ஏறத்தாழத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. 2025-26இல் பிளஸ் ஒன் படிப்பவர்கள் அந்த இடைவெளியில் ஆறாம் வகுப்பு முழுவதையும் ஏழாம் வகுப்பின் முதற்பாதியையும் வீட்டிலேயே கழித்தவர்கள். அதே கல்வியாண்டின் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஏழாம் வகுப்பு முழுமையும் எட்டாம் வகுப்பின் முதற்பாதியும் அவ்வாறே போயின. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசி வழியே பாடங்கள் வந்தன. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் தந்தை வேலை முடித்துத் திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்றால், பிள்ளை என்ன கற்றிருக்க முடியும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பின்னங்கள், விகிதம், குறை எண்கள், இயற்கணிதத்தின் தொடக்கம், அடுக்குக்குறிகள் ஆகியவை எல்லாம் அந்த வகுப்புகளில் கற்கப்படுபவை. அவற்றை மனப்பாடத்தின் துணையால் மறைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பில் தேறிவிட முடியும், ஆனால் மேல்நிலை இயற்பியலில் அது நடக்காது.

உங்கள் பாடத்தின் முதல் அலகையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவீட்டியலில் பரிமாணப் பகுப்பாய்வு, அதாவது ஓர் அளவை நிறை, நீளம், காலம் ஆகியவற்றின் அடுக்குகளாக எழுதிப் பார்ப்பது, வருகிறது. அடுக்குகளைக் கூட்டவும் கழிக்கவும் தெரியாதவனுக்கு அது வெறும் எழுத்துக் குவியலாகவே தெரியும். இரண்டாம் அலகான இயக்கவியலில் நீங்கள் வகையிடலையும் தொகையிடலையும் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறீர்கள். அதே மாணவனுக்குக் கணிதப் பாடநூலில் எல்லை, தொடர்ச்சித் தன்மை, வகை நுண்கணிதம் ஆகியவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. கணித ஆசிரியர் இன்னும் கற்பிக்காத ஒன்றை இயற்பியல் ஆசிரியர் தெரிந்ததாக வைத்துக்கொண்டு மேலே செல்வது, நன்றாகப் படிக்கும் பிள்ளையையே கலங்கடிக்கும். ஒரே ஆசிரியர் அறையில் அமரும் இருவரும் சூன் மாதத்தில் அரை மணி நேரம் கலந்து பேசினால் தீர்ந்துவிடக்கூடிய இந்தச் சிக்கல், எத்தனையோ மாணவர்களை "எனக்கு இயற்பியல் வராது" என்ற முடிவுக்குத் தள்ளியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், மனிதன் ஒரு செயலில் தானாகவே ஈடுபடுவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இது என் தெரிவு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கே நான் வேண்டப்பட்டவன் என்ற உணர்வு ஆகியவையே அந்த மூன்று. ஊக்கப் பேச்சாளர் "உன்னால் முடியும்" என்று அறிவித்துவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலையில் கணக்கு வரவில்லை என்றவுடன் அந்த அறிவிப்பு பொய்யாகிவிடுகிறது. முடிகிறது என்பதை ஒரு பிள்ளை தன் கையால் ஒரு கணக்கை முடித்துத்தான் அறிய முடியும்.

ஆகவே வகுப்பின் முதல் பத்து நிமிடங்களை அடித்தளத்துக்கு ஒதுக்குங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குகள் என்று பெயர் சொல்லாதீர்கள். அன்றைய பாடத்துக்குத் தேவையான கருவி என்று சொல்லி, அன்று தேவைப்படும் ஒன்றை மட்டும் கற்பியுங்கள். மதிப்பெண் போட வேண்டாம், எழுந்து நின்று விடை சொல்லச் சொல்லவும் வேண்டாம். அடுத்ததாக, படிக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். நம் பிள்ளைகள் கைடைத் திரும்பத் திரும்பப் படிப்பதையே படிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். இரவெல்லாம் படித்தும் மறந்துபோகிறது என்று சொல்லும் மாணவனுக்கு இந்த ஒரு செய்தி பெரும் ஆறுதலைத் தரும், ஏனெனில் குறை தன் மூளையில் இல்லை, முறையில்தான் இருந்தது என்று அவன் அறிகிறான்.

பள்ளியை விட்டே நின்றுவிடலாமா என்று ஊசலாடுபவர்களிடம் தேர்ச்சிக் கணக்கைத் திறந்து காட்டுங்கள். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 பெற வேண்டும், எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 பெற வேண்டும். ஆய்வகத்துக்கு ஒழுங்காக வந்து, செய்முறை ஏட்டை முடித்த மாணவன் பாதி வழியைக் கடந்துவிட்டான் என்பதை அவனே கூட்டிப் பார்க்கட்டும்.

மறுமொழி 2
எழுதியவர்: காசிமேட்டுத் தாய்

வணக்கம். இரண்டு பிள்ளைகளின் தாயாக எழுதுகிறேன். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள், இளையவன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். ஓய்வுபெற்ற ஐயா எழுதியவை அனைத்தும் வகுப்பறைக்குள் நடப்பவை. வகுப்பறைக்கு வெளியே நடக்கும் ஒன்றை ஆசிரியர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கணவர் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் தருகிறது என்றாலும், எங்கள் தெருவில் கடன் வாங்காமல் அந்த இரண்டு மாதங்களைக் கடக்கும் வீடு அரிது. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாவது மே மாதத்தில். கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பருவக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் அதே வாரங்களில் வந்து விழுகின்றன. வீட்டில் கையில் காசே இல்லாத காலத்தில்தான் எங்கள் பிள்ளைகள் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அண்ணன்மார் அந்த மாதத்தில் பட்ட பாட்டைப் பார்த்த தம்பிகள், பிளஸ் ஒன் படிக்கும்போதே "எப்படியும் கட்ட முடியாது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். என் மகனும் ஒரு நாள், "நான் கடலுக்கே போறேன்மா, அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றான். அவன் சோம்பேறித்தனத்தால் அதைச் சொல்லவில்லை. வீட்டின் மீது கொண்ட பாசத்தால் சொன்னான்.

அவன் மனத்தை மாற்றியது அவனுடைய அக்காளின் வங்கிக் கணக்கு. அவள் பிராட்வே பக்கத்திலுள்ள பாரதி மகளிர் கல்லூரியில் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதும் அதே கல்லூரியில்தான். மாணவர்களுக்கும் 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் அதில் சேரலாம் என்பதை மகளின் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். மகனின் பள்ளியில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பேருந்துச் செலவையும் மதிய உணவையும் அந்தப் பணம் தாங்கும் என்று நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அவன் கடலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் இரண்டு வேண்டுகோள்கள். பெற்றோர் கூட்டத்தைக் காலை வேளையில் வைக்காதீர்கள். விடியலுக்கு முன்பே துறைமுகத்தில் ஏலம் தொடங்கிவிடும், வாங்கிய மீனை விற்று முடிக்காமல் எங்களால் வர இயலாது. மாலையில் வைத்தால் நாங்கள் வருவோம். இன்னொன்று, பிள்ளை தவறு செய்தால் மட்டும் எங்களை அழைக்காதீர்கள். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே அடி விழும் என்று எங்கள் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். உங்கள் மகன் இன்று ஒரு கணக்கைத் தானாகப் போட்டான் என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அன்று எங்கள் வீட்டில் பேச்சே வேறாக இருக்கும்.

மறுமொழி 3
எழுதியவர்: வியாசை இளைஞன்

வணக்கம் சார். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்து, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, எங்கள் பகுதியிலேயே உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, இப்போது பாரிமுனையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

திங்கட்கிழமை காலியாக இருக்கும் பெஞ்சுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முகூர்த்த நாள்களில் அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு வரை எங்கே இருந்தார்கள் என்று விசாரியுங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் கேட்டரிங் வேலைக்குப் போனேன். பந்தி பரிமாறி, பாத்திரம் ஏற்றிவிட்டு, கைக்கூலியை வாங்கிக்கொண்டு வீடு வந்து படுக்க ஒரு மணியாகும். அந்தப் பணத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கிய பையனைப் பார்த்து, படிப்பில் அக்கறையில்லாதவன் என்று சொன்னால் அவன் மனம் உங்களிடமிருந்து விலகிவிடும். வேலைக்குப் போகாதே என்று சொல்வதாலும் பயனில்லை. மறுநாள் பள்ளி இருந்தால் பத்து மணிக்கு மேல் நிற்காதே என்று பேசி ஒப்புக்கொள்ள வைக்கலாம். என் வகுப்பாசிரியை அப்படித்தான் செய்தார். என்னிடம் கோபப்படாமல் எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று மட்டும் கேட்பார்.

ராயபுரம் ஐயாவிடம் ஒன்றில் எனக்கு மாறுபாடு உண்டு. எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால் போதும் என்ற கணக்கை முழு வகுப்புக்கும் சொல்லக் கூடாது. எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் எல்லோரும் சின்ன இலக்கையே வைக்கிறார்கள். "பாஸ் பண்ணினால் போதும்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், அதற்கு மேல் ஆசைப்படுவதே அதிகப்படியானது என்று நம்பிவிடுகிறான். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது என்பதே என்னோடு படித்த பலருக்குப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பில் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் உங்கள் மாணவர்களுக்கு அது பொருந்தாது. இதை இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்து மனமுடைந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் முடிக்காதவர்களையும் தொழில் பழகுநர்களாக எடுக்கிறார்கள், ஆர்.கே. நகரிலும் திருவொற்றியூரிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன என்பவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சொன்னால் மட்டும் போதாது, அழைத்துப் போய்க் காட்டுங்கள். நான் முதன்முதலில் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்தது சேர்க்கை நாளில்தான். வாயிலில் இருந்த காவலர் என்னைத் தடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே நுழைந்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது எங்களுக்கான இடம் என்ற எண்ணமே இருந்ததில்லை. பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு பிற்பகல் அங்கே அழைத்துச் சென்று, அதே பகுதியிலிருந்து போய்ப் படிக்கும் அண்ணன் ஒருவரோடு ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். ஊக்கப் பேச்சாளருக்குக் கொடுக்கும் பணத்தில் இதைச் செய்துவிடலாம்.

இன்னும் ஒன்று, வாய்ப்பிருந்தால் பள்ளியில் ஓர் அறையை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற படிப்பு மையம் திறந்தபோது, படிக்க இடம் தேடி எங்கள் பகுதிப் பிள்ளைகளும் அங்கே போனார்கள். குடியிருப்பு வாரிய வீடுகளில் தொலைக்காட்சியும் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும்போது புத்தகத்தை விரிக்கவே இடமில்லை.

மறுமொழி 4
எழுதியவர்: தண்டையார்பேட்டை இயற்பியல் ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, தடைக்காலமும் தேர்வு முடிவும் ஒரே வாரங்களில் வருவதை இத்தனை ஆண்டுகளில் யாரும் எங்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் விவரங்களையும் தேவைப்படும் சான்றிதழ்களின் பட்டியலையும் தை மாதத்திலேயே பெற்றோரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் இன்று பேசினேன், அவரும் இசைந்தார். அடுத்த பெற்றோர் கூட்டம் மாலை ஆறு மணிக்கு. கல்லூரிக்கு அழைத்துச் செல்வதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுகிறேன்.

ஐயா, உங்களிடம் மட்டும் ஒரு கேள்வி. பாடவேளை நாற்பத்தைந்து நிமிடங்கள். பாடநூலோ இரண்டு தொகுதிகள். முதல் பத்து நிமிடங்களை அடித்தளத்துக்குக் கொடுத்தால் பாடத்திட்டத்தை முடிக்க முடியுமா?

மறுமொழி 5
எழுதியவர்: ராயபுரம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

வியாசர்பாடித் தம்பி சொன்னதை ஏற்கிறேன். 15 என்ற கணக்கு, பள்ளியை விட்டு நின்றுவிட எண்ணுபவனிடம் தனியே உட்கார்ந்து சொல்ல வேண்டியது. 200க்கான கணக்கை வகுப்பறைச் சுவரில் எல்லோரும் பார்க்குமாறு ஒட்டுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த ஆண்டு பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு இல்லை என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம். 2018க்கு முன்பு பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அங்கிருந்து அதிக மதிப்பெண்ணோடு வெளியே வந்தவர்கள் கல்லூரியின் முதலாண்டில் இயக்கவியல் தெரியாமல் தடுமாறினார்கள். அந்த நிலை திரும்ப வந்துவிடக் கூடாது. அதனால் எந்த அலகையும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் முதல் இரண்டு அலகுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான வாரங்களை எடுத்துக்கொள்ளலாம். இதுவரை அவசரமாக நடத்தி, புரியாததைத் திருப்புதல் தேர்வுகளின்போது மீண்டும் நடத்திய நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்தில் மெதுவாகச் செல்வதால் இழப்பு மிகக் குறைவு. பத்து நிமிடம் நாள்தோறும் தேவைப்படாது. பின்னமும் அடுக்கும் கைவந்துவிட்டால், காலாண்டுக்குப் பிறகு வாரம் இரண்டு முறை போதும்.

எல்லையையும் வகையிடலையும் இயற்பியலுக்குத் தேவையான அளவில் மட்டும் நான்கைந்து சனிக்கிழமைகளில் கற்பித்துவிட முடியும். உங்கள் கணித ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒப்புதல் இருந்தால் நானே வந்து நடத்துகிறேன். ராயபுரத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரம்தான். காலை பத்து மணிக்குத் தொடங்கலாம். ஞாயிறு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அது இடையூறாக இருக்காது. எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்பதையும், அறையில் கரும்பலகை எவ்வளவு பெரியது என்பதையும் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.